பூனைக்குட்டி வளர்க்கப் போறீங்களா? முதல்ல இந்த த்ரெட்டைப் படிச்சிடுங்க

1. போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை. பௌர்ணமிக்கு மறுநாள் ஓபி எப்படி இருக்கும்னு திருவண்ணாமலையில வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்த கொப்புளம், ராத்திரி முழுக்கத் தூங்காத சுகர் பேஷண்ட், கூட்டத்தில் தடுக்கி விழுந்த பெரியவர். அந்த வரிசையில் ஒன்பது வயசுப் பேத்தியைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஒரு பாட்டி.

"சின்ன கீறல்தான் சார். வீட்டுப் பூனை. டி.டி. ஊசி ஒண்ணு போட்டுவிட்டா போதும்."

2. கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்குக் கீழ ரெண்டு சின்ன புள்ளி, காய்ஞ்ச ரத்தம். கீறல் இல்லை, பல் இறங்கின கடி. மேல மஞ்சள் பூசியிருந்தாங்க.

"கடிச்சுதாம்மா?"ன்னு குழந்தைகிட்ட கேட்டேன்.

"கடிக்கல டாக்டர். விளையாடுச்சு."

3. பூனை எத்தனை நாளா வீட்டில் இருக்குன்னு கேட்டேன். அதுக்கு முந்தின பௌர்ணமிக்கு கிரிவலம் போனப்போ பாதையோரம் கத்திக்கிட்டு இருந்த குட்டியாம். செவலைக் கலர். பேத்தி அழுது அடம்பிடிச்சுத் தூக்கிட்டு வந்திருக்கா. ஒரு மாசமா அவ கூடவே தூங்குது, அவ ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு வாசல்ல வந்து உட்காருது. ஊசி எதுவும் போடல. "வீட்டுக்குள்ளயே இருக்கற பூனைக்கு எதுக்கு சார் ஊசி?"

4. "சரிம்மா, பூனை இப்ப எப்படி இருக்கு? சாப்பிடுதா?"

பாட்டி கொஞ்சம் பெருமையாவே சொன்னாங்க: "அவங்கப்பா நேத்து ராத்திரியே சாக்குல போட்டு ஊருக்கு வெளிய விட்டுட்டு வந்துட்டாரு சார். இனிமே பயமில்ல."

எனக்கு பயம் ஆரம்பிச்சதே அங்கதான். குழந்தை அப்பதான் அழ ஆரம்பிச்சா, ஊசியைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே.

5. (அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன். நடந்தது மாறல.)

அன்னைக்கே காயத்தைக் கழுவி, காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின் போட்டு, தடுப்பூசியும் ஆரம்பிச்சோம். அப்பா அந்த வாரம் முழுக்க பைக்கில் போய் பூனையைத் தேடியிருக்கார். கிடைக்கல.

6. இன்னைக்கு 28-ம் நாள். கடைசி ஊசிக்கு அப்பாவோட வந்தா. போட்டு முடிச்சதும் கேட்டா: "இப்ப எனக்கு எல்லா ஊசியும் போட்டாச்சே டாக்டர். வேற பூனைக்குட்டி வளர்க்கலாமா?"

அப்பா என்னைப் பார்த்தார், நான் 'வேண்டாம்'னு சொல்லணும்கிற மாதிரி. வெளியே நாற்பது பேர் நின்னாங்க. "அப்புறம் பேசலாம்டா"ன்னு அனுப்பிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்க எழுதறேன்.

7. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வளர்க்கலாம். தாராளமா வளர்க்கலாம். ஆனா 'வீட்டுப் பூனை'ன்னு ஒண்ணு தெருவில் கிடைக்காது. தெருவில் கிடைக்கிறது குட்டி மட்டும்தான். அதை வீட்டுப் பூனையா ஆக்கறது நாம. அதுக்கு ஊசி போடணும், கதவு சாத்தணும், சரியான சாப்பாடு போடணும், கருத்தடை பண்ணணும். இது எதையும் செய்யாம வீட்டுக்குள்ள படுக்க வெச்சா அது வீட்டுப் பூனை இல்ல. நம்ம வீட்டில் தூங்கற தெருப் பூனை.

8. முதல்ல என் துறைக்குள்ள வர்ற விஷயம். ரேபிஸ் தடுப்பூசிக்கு நம்ம ஊர்ல பேரே 'நாய்க்கடி ஊசி'. இந்தப் பேரே ஒரு பிரச்சினை. நாய் கடிச்சா ஓடி வர்றாங்க. பூனை கடிச்சா வர்றதில்ல. ரேபிஸ் பாலூட்டிகள் எதுக்கும் வரலாம். இந்தியாவில் பெரும்பாலும் நாயால் வருது, உண்மைதான். ஆனா வெறிநாய் கடிச்ச பூனைக்கும் வரும், அந்தப் பூனை கடிச்ச மனுஷனுக்கும் வரும்.

9. "கடிக்கல சார், கீறுச்சு"ன்னு சொல்றவங்களுக்கு: வைரஸ் உமிழ்நீரில் இருக்கும். பூனை நாள் முழுக்கத் தன் கால்களை நக்கிக்கிட்டே இருக்கும். அதனால் நகக் கீறலையும் நாங்க அலட்சியம் பண்றதில்ல. கணக்கு இதுதான்:

நல்ல தோலை நக்கினா, தொட்டா, சோறு ஊட்டினா: கழுவினா போதும், ஊசி தேவையில்ல.
ரத்தம் வராத கீறல், லேசான பல் உரசல்: தடுப்பூசி.
ரத்தம் வந்த கடி அல்லது கீறல், புண் மேல நக்கினது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது: தடுப்பூசி + காயத்தில் இம்யூனோகுளோபுலின்.

10. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவறது. கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம். சாதாரண துணி சோப்பு கூடப் போதும். இந்த வைரஸுக்கு மேல கொழுப்பு உறை இருக்கு. சோப்பு அதை உடைச்சிடும்.

11. "தொப்புளைச் சுத்தி 14 ஊசி"ங்கற பயம் இன்னும் நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட இருக்கு. அது பொய்யில்ல. ஆட்டு மூளையிலிருந்து தயாரிச்ச பழைய மருந்தை வயித்தில்தான் போட்டாங்க. இந்தியாவில் அதன் தயாரிப்பை 2004 கடைசியோட நிறுத்தியாச்சு. இப்ப கையில், தோலுக்குள் போடற சின்ன ஊசி. 0, 3, 7, 28 ஆகிய நாட்கள்ல நாலு தடவை. (0-ங்கறது முதல் ஊசி போடற நாள்.) அரசு மருத்துவமனைகள்ல இலவசம்.

12. இப்ப அந்தப் பாட்டி சொன்ன "விட்டுட்டு வந்துட்டோம், இனி பயமில்ல"க்கு வருவோம். இந்த த்ரெட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கறதா இருந்தா இதை வெச்சுக்கங்க.

கடிச்ச பூனையைக் கொண்டுபோய் விடாதீங்க.

13. ஏன்னா, நாயோ பூனையோ, கடிக்கும்போது அதன் எச்சிலில் ரேபிஸ் வைரஸ் இருந்திருந்தா 10 நாளுக்குள்ள அதுக்கு நோய் முத்தி செத்துடும். பத்து நாள் கழிச்சும் அது நல்லா சாப்பிட்டு, குதிச்சு விளையாடினா, கடிச்ச அன்னைக்கு எச்சிலில் வைரஸ் இல்லைன்னு அர்த்தம். உங்க கண் முன்னாடி இருக்கற பூனைதான் உங்களுக்கு இருக்கற ஒரே சாட்சி. அதை சாக்குல கட்டி அனுப்பினா சாட்சியைத்தான் அனுப்பறீங்க.

14. இதுக்காக பத்து நாள் பார்த்துட்டு ஊசி போடலாம்னு உட்காரக்கூடாது. ஊசியை அன்னைக்கே ஆரம்பிக்கணும், பூனையையும் பார்த்துக்கிட்டே வரணும். பத்து நாள் தாண்டி அது ஆரோக்கியமா இருந்தா 28-ம் நாள் ஊசி தேவையான்னு டாக்டர் முடிவு பண்ணுவார். ரேபிஸ் அறிகுறி ஒருத்தருக்கு வந்துட்டா காப்பாத்தறதுக்கு எங்ககிட்ட மருந்து கிடையாது. அதனால்தான் இவ்வளவு கறார்.

15. அந்தக் குழந்தையோட அப்பா கெட்டவர் இல்ல. மகளுக்கு ஏதாவது ஆயிடுமோங்கற பயத்தில் செஞ்சார். ஆனா நடந்தது என்ன? ஒரு மாசம் அந்த வீட்டில் யாரும் சரியாத் தூங்கல. பூனை இருந்திருந்தா பதினோராம் நாள் எல்லாரும் மூச்சு விட்டிருப்பாங்க. அது போக, ஒரு மாசமா படுக்கையில் தூங்கின குட்டி, நாய்ங்க திரியற இடத்தில் ராத்திரி நேரத்தில் தனியா நின்னிருக்கு. குழந்தைக்கு அது தெரியும். அதான் ஊசிக்கு முன்னாடியே அழுதா.

16. இப்ப வளர்க்கற கதை. நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். பூனைக்கு வைத்தியம் சொல்லத் தகுதி கால்நடை மருத்துவருக்குத்தான். ஆனா எங்க வீட்டிலயும் ஒரு பூனை இருக்கு, ரெண்டு வருஷமா. அதோட டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்றேன்.

17. எந்த வயசில் எடுக்கலாம்? குரங்குக் குட்டி தாயைத் தானே பிடிச்சுக்கும், பூனைக்குட்டியைத் தாயே கவ்வித் தூக்கிட்டுப் போகும்னு மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம்னு வைணவத்தில் பேசுவாங்க. பூனைக்குட்டி முழுக்கத் தாயை நம்பி வளர்ற உயிர். குறைஞ்சது எட்டு வாரம் தாயோட இருக்கட்டும். தாய் இரை தேடப் போயிருக்கும்போது குட்டியைப் பார்த்து 'அநாதை'ன்னு தூக்கிட்டு வந்துடறோம். கொஞ்ச நேரம் தள்ளி நின்னு பாருங்க. தாய் திரும்பி வரும்.

18. கடி வாங்கக் கத்துக்கறதும் அங்கதான். கூடப் பிறந்த குட்டிங்களோட உருண்டு புரளும்போது, பலமா கடிச்சா மத்த குட்டி கத்திட்டு விளையாட்டை நிறுத்திடும். அப்படித்தான் 'இவ்வளவு அழுத்தினா வலிக்கும்'னு அதுக்குத் தெரியும். நாலு வாரத்துல பிரிச்சு எடுத்த குட்டிக்கு இந்தப் பாடமே கிடைக்காது. அப்புறம் நம்ம கைதான் அதுக்குப் பாடப் புத்தகம்.

19. எங்க ஓபிக்கு வர்ற பூனைக் காயங்கள்ல நான் அதிகம் கேட்கிறது "விளையாடும்போது"ங்கற வார்த்தை. காரணம் ஒண்ணுதான். குட்டியா இருக்கும்போது விரலை ஆட்டி விளையாட்டு காட்டறோம். பொடிப் பல்லு, கூசும், சிரிப்பா இருக்கும். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறோம். ஆறு மாசத்தில் அதே பல் ஊசி மாதிரி ஆகுது. பூனைக்கு எதுவும் மாறல. கைன்னா கடிச்சு விளையாடற பொருள்னு நாமதான் சொல்லிக் கொடுத்தோம்.

20. கையை எப்பவும் பொம்மையா ஆக்காதீங்க. ஒரு குச்சியில் துணியைக் கட்டி இழுங்க. காகித உருண்டை போதும். காலி அட்டைப்பெட்டி கொடுத்தா அதுக்கு அரண்மனை. பூனைக்கு விடியற்காலையும் சாயங்காலமும்தான் துள்ளல் அதிகம். படுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நல்லா ஓட விட்டு, அப்புறம் சாப்பாடு போட்டா ராத்திரி உங்க கட்டை விரலை வேட்டையாடாது. முடிஞ்சா ஒரே தாய்க்குட்டி ரெண்டா எடுங்க. ரெண்டும் தங்களுக்குள்ளயே விளையாடிக்கும்.

21. ஊசி. எட்டு வாரத்தில் பூனைகளுக்கான வைரஸ் நோய்த் தடுப்பூசி ஆரம்பிப்பாங்க. மூணு மாசத்தில் ரேபிஸ் தடுப்பூசி. அப்புறம் டாக்டர் சொல்ற கணக்கில் பூஸ்டர். நடுவுல குடற்புழு மருந்து. தெருவில் எடுத்த குட்டின்னா முதல் வாரமே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க. "ஒரு மாசமா வீட்டுலதானே இருக்கு"ங்கறது ஆதாரம் இல்ல. வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அதை எது கடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? நோய் வெளிய தெரிய வாரங்களும் ஆகலாம், மாசங்களும் ஆகலாம்.

22. சாப்பாடு. பாற்கடலையே நக்கிக் குடிக்கப் போன பூனைன்னு தன்னைச் சொல்லிக்கிட்டார் கம்பர். அந்தக் காலத்திலிருந்தே நமக்குப் பூனைன்னா பால்தான். ஆனா தாய்ப்பால் மறந்த பூனைகள் பலதுக்குப் பசும்பால் செரிக்காது. வயித்துப்போக்குதான் ஆகும். தண்ணிதான் முக்கியம்.

23. நம்ம ஊர்ல சைவ வீடுகள் நிறைய. தயிர் சாதம் மட்டும் போட்டு வளர்க்கறாங்க. பூனையோட உடம்பு அதுக்கு ஒத்துவராது. டாரின்னு ஒரு சத்து. நம்ம உடம்பு அதைத் தானே தயாரிச்சுக்கும். பூனையால் போதுமான அளவு முடியாது. மாமிசத்திலிருந்துதான் கிடைக்கணும். வருஷக்கணக்கில் கிடைக்கலைன்னா கண்பார்வை போகும், இதயம் வீங்கி பலவீனமாகும். வெளிய பார்க்க பூனை கொழுகொழுன்னுதான் இருக்கும்.

24. எங்கம்மா சுத்த சைவம். "என் சமையக்கட்டுல மீன் நாத்தம் வரக்கூடாது"ன்னாங்க. சரின்னு பூனைக்கான உணவு பாக்கெட் வாங்கி, பின்னாடி வராந்தாவில் தனித் தட்டு, தனி ஸ்பூன் வெச்சோம். பிரச்சினை தீர்ந்தது. மாசம் ஏழெட்டு நூறு ரூபாய் ஆகுது. சமைக்கற எண்ணமும் வேண்டாம், பாக்கெட்டும் வேண்டாம்னா பூனை வேண்டாம்னு முடிவு பண்றதுதான் நியாயம். அதில் தப்பே இல்ல.

25. வீட்டில் இருக்கற ஆபத்து. முதல்ல மருந்து டப்பா. காய்ச்சல் மாதிரி இருக்குன்னு பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க. அதைச் சிதைக்கற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஒரே மாத்திரை உயிரை எடுத்துடும். அடுத்தது, இது கோயில் ஊருங்கறதால் முக்கியமா சொல்றேன், பூ கட்டின நூல். வாடின மல்லிப்பூச் சரத்தைத் தரையில் போட்டா குட்டி இழுத்து விளையாடும், முழுங்கும். நூல் குடலைச் சுருக்கி அறுத்துடும். ஆபரேஷன் வரைக்கும் போகும். கார்த்திகை மாசம் தரையில் வரிசையா வைக்கற அகல் விளக்கும் அப்படித்தான். வாலை ஆட்டிக்கிட்டு நேரா அங்கதான் போகும்.

26. கதவு, ஜன்னல். வெளிய தெரு நாய், மொட்டை மாடியில் குரங்கு, பக்கத்து வீட்டில் எலி மருந்து, ரோட்டில் ஆட்டோ. "பூனை எங்க போனாலும் திரும்பி வந்துடும்"னு சொல்வாங்க. வந்த பூனையைத்தான் நாம பார்க்கிறோம், வராததைப் பார்க்கிறதில்ல. கொசு வலையை நகத்தால கிழிச்சுடும், இரும்பு வலை அடிங்க. தீபாவளிக்கும் தீபத்துக்கும் வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும். அந்த நாட்கள்ல ஒரு ரூமில் தண்ணியும் மணல் தட்டும் வெச்சு சாத்திடுங்க. உள்ளேயே இருந்தா பூனைக்குக் கொடுமைன்னு நினைக்காதீங்க. ஏறி உட்கார உயரமா ஒரு இடம், வெளிய வேடிக்கை பார்க்க ஒரு ஜன்னல், விளையாட ஒரு ஆள் போதும்.

27. கருத்தடை. பூனை நாலஞ்சு மாசத்திலேயே சினைக்கு வரலாம். சினைக்காலம் சுமார் ரெண்டே மாசம். ஒரு ஈத்துக்கு மூணு நாலு குட்டி, வருஷத்தில் ரெண்டு மூணு ஈத்து. கணக்குப் போட்டுப் பாருங்க. அத்தனை குட்டிக்கும் வீடு எங்க இருக்கு? பெண் பூனை ராத்திரி முழுக்கக் கத்த ஆரம்பிச்சதும், ஆண் பூனை சுவரெல்லாம் சிறுநீர் அடிக்க ஆரம்பிச்சதும்தான் பல வீடுகள்ல "கொண்டுபோய் விட்டுடலாம்"ங்கற பேச்சு வருது. அதுக்கு முன்னாடியே கருத்தடை பண்ணிட்டா அந்தப் பேச்சே வராது. உங்க டாக்டர்கிட்ட சரியான வயசைக் கேளுங்க.

28. "வீட்டில் பொண்ணு பிரசவத்துக்கு வர்றா சார், பூனையை அனுப்பிடட்டுமா?" இந்தக் கேள்வியும் அடிக்கடி வரும். டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி, கர்ப்பிணிக்கு முதல் முறையா தொற்றினா கருவைப் பாதிக்கலாம். உண்மை. ஆனா இது பூனையைத் தடவினா வர்றதில்ல. பூனை மலத்தில் வெளிய வந்து, ஒரு நாளாவது ஆனாதான் தொற்றும் நிலைக்கு வரும். சரியா வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண் இதிலிருந்தும் வரும். வெளிய போகாத, பச்சை மாமிசம் தின்னாத பூனையிடம் இந்த ஆபத்து ரொம்பக் குறைவு.

29. ஆகவே பூனையை அனுப்ப வேண்டாம். மணல் தட்டு சுத்தம் பண்ற வேலையை வீட்டில் வேற ஒருத்தர் எடுத்துக்கங்க. தினமும் பண்ணுங்க. மாப்பிள்ளையை விட்டா இன்னும் நல்லது. கர்ப்பிணி கறியை நல்லா வேக வெச்சு சாப்பிடட்டும், கீரையைக் கழுவட்டும், கையைக் கழுவட்டும். பூனை இல்லாத வீட்டிலயும் இதெல்லாம் செய்யணும்.

30. ஆஸ்துமா. "பூனை முடி வயித்துக்குள்ள போனா ஆஸ்துமா வரும்"னு நானும் சின்ன வயசில் கேட்டிருக்கேன். முடி காரணம் இல்ல. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கற ஒரு புரதம் சிலருக்கு ஒத்துக்காது. அது உதிர்ற தோல் துகள் வழியா காத்தில் பரவும். உங்க வீட்டில் ஆஸ்துமா, மூக்கடைப்பு, தும்மல் உள்ளவங்க இருந்தா, குட்டியைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி பூனை இருக்கற ஒரு வீட்டுக்குப் போய் ரெண்டு மூணு தடவை உட்கார்ந்து பாருங்க. ஒத்துக்கலைன்னா எடுக்காதீங்க. எடுத்துட்டு விடறதுக்கு, எடுக்காம இருக்கறது ஆயிரம் மடங்கு நல்லது. குட்டிகளிடமிருந்து படர்தாமரையும் வரலாம். வட்டமா அரிப்பு வந்தா கடையில் களிம்பு வாங்காம எங்ககிட்ட காட்டுங்க. பூனையையும் அதோட டாக்டர்கிட்ட காட்டுங்க.

31. பெர்ஷியன் பூனை வாங்கலாமான்னு இன்பாக்ஸில் கேட்கறீங்க. மே மாசம் நம்ம ஊர் வெயிலை நினைச்சுப் பாருங்க. அடர்த்தியான முடி, மூச்சு விடவே கஷ்டப்படற சப்பை மூக்கு. தினமும் சீவலைன்னா முடி சிக்காகித் தோல் புண்ணாகும். அந்தக் காசுக்கு வாங்கி வெயிலில் வதைக்கறதை விட, நம்ம மண்ணில் பிறந்த நாட்டுப் பூனை ஒண்ணுக்கு ஊசி போட்டு வளர்க்கறது நல்லது. கொஞ்சலில் அது ஒரு மாத்து குறையாது.

32. எங்கம்மாவும் முதல்ல "பூனை குறுக்க போனாலே ஆகாது, நீ வீட்டுக்குள்ளயே கொண்டு வர்றியா"ன்னாங்க. இப்ப சாயங்காலம் சீரியல் ஆரம்பிச்சா அது அம்மா மடியில். நைட் டியூட்டி முடிஞ்சு நான் வீட்டுக்கு வர்ற நாட்கள்ல கதவுக்கு அந்தப் பக்கம் கத்திக்கிட்டு நிற்கும். ஒரு உயிர் நம்மளை எதிர்பார்த்து நிற்கறது எவ்வளவு பெரிய ஆறுதல்னு, ஓபியில் சாவைப் பார்த்துட்டு வர்ற நாளில் எனக்குப் புரியும். அதனால்தான் 'வேண்டாம்'னு சொல்ல எனக்கு மனசு வரல.

33. ஒரு விஷயம் கோபமாவே சொல்லணும். கோயில் ஊருன்னா யாராவது சோறு போடுவாங்கங்கற நினைப்பில், வளர்ந்த நாயையும் பூனையையும் கிரிவலப் பாதையிலும் ஆசிரம வாசல்லயும் விட்டுட்டுப் போறாங்க. இதே ஊரில் ரமணாசிரமத்தில் 1948-ல இறந்த பசு லட்சுமிக்கு சமாதி இருக்கு. பக்கத்திலேயே ஒரு மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் இருக்கு. செங்கம் ரோட்டில் அருணாசலா விலங்குகள் சரணாலயம் அடிபட்ட தெரு நாய்களைத் தூக்கி வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கு. ஒரு பக்கம் இப்படி இருக்கற ஊரில், நாம சாக்கை அவிழ்த்துவிட்டுட்டு சாமி கும்பிட்டுட்டுப் போறோம். வீட்டில் சோறு கண்ட பூனைக்கு தெருவில் பிழைக்கத் தெரியாது. அது புண்ணியக் கணக்கில் சேராது.

34. ஆக, அந்தக் குழந்தைக்கு என் பதில்: வளர்க்கலாம்டா. ஆனா அப்பாவும் பாட்டியும் நீயும் உட்கார்ந்து முதல்ல இந்த அஞ்சுக்கும் 'சரி' சொல்லணும்.

முதல் வாரமே பூனை டாக்டர்கிட்ட போகணும், ஊசி அட்டை வாங்கணும்.
கையால விளையாடக் கூடாது.
கதவு ஜன்னல் பத்திரமா இருக்கணும், கருத்தடை பண்ணணும்.
கடிச்சாலும் கீறினாலும் ஒளிக்காம வீட்டில் சொல்லணும். 15 நிமிஷம் சோப்பு, அப்புறம் ஆஸ்பத்திரி.
என்ன ஆனாலும் சாக்கு கிடையாது. நல்லா பார்த்துக்கிட்டா பன்னிரண்டு, பதினஞ்சு வருஷம் இருக்கும். நீ காலேஜ் முடிக்கற வரைக்கும்.

35. பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாலாவது விதி பிள்ளைங்க கையில் இல்ல, உங்க கையில்தான் இருக்கு. "கடிச்சுதுன்னு சொன்னா பூனையைத் தூக்கிப் போட்டுடுவாங்க"ன்னு பயந்தா எந்தக் குழந்தையும் சொல்லாது. கையை மறைச்சுக்கும். "கடிக்கல டாக்டர், விளையாடுச்சு"ன்னு அவ ஏன் சொன்னான்னு யோசிச்சுப் பாருங்க. பாட்டி அந்த ரெண்டு புள்ளியைக் கவனிக்காம விட்டிருந்தா அவ என்கிட்ட வந்தே இருக்க மாட்டா.

36. கடைசியா, ஊசி போட்ட சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. முழுசா ஊசி போட்டவங்களை மறுபடி கடிச்சா, 0, 3 ரெண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். அந்தச் சீட்டு இருந்தாதான் எங்களுக்குத் தெரியும். பூனை வளர்க்கிற வீட்டில் பூனையோட அட்டையும் மனுஷங்க சீட்டும் ஒரே கவரில் இருக்கட்டும்.

37. இன்னைக்கு மறுபடியும் பௌர்ணமி. ராத்திரி கிரிவலம் போறவங்க யார் காலையாவது ஒரு குட்டி உரசும். மேல இருக்கற அஞ்சுக்கும் 'சரி'ன்னா தூக்கிட்டு வாங்க, நாளைக்கே கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒண்ணுக்காவது 'பார்க்கலாம்'னு தோணினா, கொஞ்சம் தண்ணி வெச்சுட்டு நடங்க. அதுவும் அன்புதான்.

போன மாசம் பௌர்ணமி சமயத்தில் ஊருக்கு வெளிய செவலைக் குட்டி ஒண்ணு யாருக்காவது கிடைச்சு வீட்டில் வெச்சிருந்தா, அது நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு குழந்தைகிட்ட நான் சொல்லணும்.